குருவிக்கு எதற்குப் பட்டம்? ‘அயன்’ நாயகனின் பின்புலமும் தொழிலும்

கே.வி. ஆனந்த் இயக்கத்தில் 2009 ஏப்ரலில் வெளிவந்த ‘அயன்’ படத்தின் நாயகன் தேவா (சூர்யா), கணினி அறிவியலில் முதுகலைப் பட்டம் பெற்றவன். தாஸிடம் (பிரபு) வேலை பார்க்கும் கடத்தல்காரன். இப்பின்புலம் இத்தொழிலுக்குப் பொருந்துமா என்ற வினா, யாருடைய குற்றத்தை மன்னிக்கத் தமிழ்த்திரை ஆயத்தமாக உள்ளது என்ற வினாவையும் உடன் எழுப்புகிறது.

சரக்கைச் சிறுகச் சிறுக விமானத்தில் கொண்டுவருபவரைச் சென்னைப் பர்மா பஜார் வழக்கில் ‘குருவி’ என்பர். 2008இல் விஜய் நடித்த படமொன்று இச்சொல்லையே தலைப்பாகக் கொண்டது. குருவிக்கு வேண்டியவை கடவுச்சீட்டும் பணமுடையும், கூட்டத்தில் எவர் கண்ணிலும் படாத முகமும் மட்டுமே. தேவாவின் முகமோ ஒரு நட்சத்திரத்தின் முகம்! காங்கோக் காட்சியில் வைரத்தை மீட்க அவனுக்குக் கைகொடுப்பவை ஓட்டமும் சுவர்தாவலுமே. கணினிப் படிப்புக்கு அங்கு வேலையில்லை.

துபாயின் தேராவில் உள்ள தங்கக் கடைத்தெரு இத்தொழிலின் வேறொரு வரலாற்றைச் சொல்லும். துபாய்க் கழிமுகத்திலிருந்து மரக்கலங்களில் தங்கம் இந்தியக் கரைக்குக் கடத்தப்பட்டதால் அந்நியச் செலாவணி கரைந்தது. அதைத் தடுக்கவே 1959இல் வளைகுடாவுக்கெனத் தனி ரூபாய் வெளியிடப்பட்டது. 1990இல் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீக்கப்பட்டது. ‘அயன்’ வெளிவந்த ஆண்டில் தங்கத்தின் இறக்குமதித் தீர்வை மிகக் குறைவு; கதை வைரத்தையும் திருட்டு வட்டுகளையும் நாடியது இவ்வகையில் பொருத்தமே. 2013 ஆகஸ்டில் தீர்வை 10 விழுக்காடானதும் தங்கக் குருவிகள் பெருகினர். விடுப்பில் ஊர் திரும்பும் தொழிலாளி, பயணச்சீட்டுச் செலவுக்காகப் பிறர் தங்கத்தைச் சுமக்கிறான். பிடிபடுபவன் அவனே, தங்கத்தின் உரிமையாளர் பெரும்பாலும் வெளிப்படுவதில்லை.

அவ்வாறாயின் தேவாவுக்குப் பட்டம் எதற்கு? விடை படத்தின் முடிவில் உள்ளது. சுங்க அதிகாரி பார்த்திபன் (பொன்வண்ணன்) வழியாக அவன் சுங்கத்துறைப் பணிக்குச் செல்கிறான். சுங்க ஆய்வாளர் பதவிக்கான பணியாளர் தேர்வாணையத் தேர்வை எழுத ஏதேனுமொரு பட்டம் போதும். ஆகவே சான்றிதழைப் பொறுத்தவரை கதை பழுதற்றது. ஆனால் பணியமர்த்தலுக்கு முன் நடத்தையும் முன்வரலாறும் சரிபார்க்கப்படும். படம் தாவிக் கடக்கும் இடம் அதுதான். பட்டம் தேவாவின் தொழிலுக்காக அளிக்கப்பட்டதன்று. அத்தொழிலிலிருந்து அவன் வெளியேறும் வாயிலாகவே அது முதற்காட்சி தொட்டுக் காத்திருக்கிறது. மகனின் தொழிலை வெறுக்கும் தாயின் மனக்குறையும் அவ்வாயிலிலேயே தீர்கிறது.

மலையாளத்தின் ‘பத்தேமாரி’யில் (2015) மம்மூட்டி ஏற்ற நாராயணனுக்கு இத்தகைய வாயில் எதுவும் இல்லை. மரக்கலத்தில் வளைகுடா சென்ற அவன், வாழ்நாள் முழுவதும் சிறுவேலைகளிலேயே கழிக்கிறான். அங்குப் பின்புலமும் தொழிலும் இம்மியும் பிசகவில்லை.

‘அயனி’ல் அத்தகைய பொருத்தம் சிட்டியிடம் (ஜெகன்) உண்டு. போதைப்பொருளை வயிற்றில் சுமந்து மலேசியா செல்லும் அவன் அங்கேயே கொல்லப்படுகிறான். அவன் என்ன படித்தான் என்பதில் திரைக்கதைக்கு அக்கறை இல்லை. படத்தின் உண்மையான குருவி அவனே.