பேரியாறு விலகிய பின்: முசிறிப் பாடல்களைப் பொருள்கொள்ளும் முறை

முசிறியைப் பற்றி எழுதப்பெறும் தமிழ்க் கட்டுரைகளில் ஒரு செய்தி பெரும்பாலும் தவறாது இடம்பெறுகின்றது. யவனரின் மரக்கலங்கள் பொன்னைக் கொணர்ந்து மிளகைப் பெற்றுச் சென்ற அத்துறை, கி.பி. 1341ஆம் ஆண்டில் பேரியாற்றில் எழுந்த பெருவெள்ளத்தால் அழிந்தது என்பதே அச்செய்தி. முசிறி சங்கப் பாடல்களில் பேசப்படுவது உண்மை. பேரியாறு தன் போக்கை மாற்றிக்கொண்டதும் உண்மை. ஆயின் இவ்விரண்டையும் காரணமும் விளைவுமாக இணைப்பது காலக்கணக்கிற்கு ஒவ்வாது. அவ்விணைப்பு எவ்வாறு தோன்றியது, அதனால் பாடல்களில் எதனைக் காணத் தவறுகிறோம் என்பனவற்றை இக்கட்டுரை ஆராய்கின்றது. சேரர் தலைநகராகிய வஞ்சி எது என்னும் வாதம் இங்கு எடுத்துக்கொள்ளப்படவில்லை.

ஆறு விலகியதும் விளைவுகளும்

மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து மேற்கு நோக்கி இறங்கும் ஆறுகள் எல்லாம் ஒரு தன்மையன அல்ல. திருவனந்தபுரம் மாவட்டத்தில் பொன்முடியின் அடிவாரத்தில் ஓடி வாமனபுரம் ஆற்றோடு கலக்கும் கல்லாறு, தன் பெயருக்கேற்ப உருள்கற்களின் மீது ஓடுவது. பாறைக்கரையே அதன் போக்கினைக் கட்டுப்படுத்துகின்றது. 244 கிலோமீட்டர் நீளமுடைய பேரியாறோ மலையை நீங்கியபின் தாழ்ந்த சமவெளியில் மணலையும் வண்டலையும் பரப்பிச் செல்கின்றது. ஆலுவாயில் இரண்டாகப் பிரிந்து, ஒரு கிளை வடமேற்கே சென்று சாலக்குடி ஆற்றோடு கலந்து கொடுங்கல்லூர் முகத்துவாரத்தை அடைகின்றது. மற்றொரு கிளை தெற்கே திரும்பி வராப்புழை வழியாகக் கொச்சிக் காயலில் சேர்கின்றது. தான் இட்ட மணலே தனக்குத் தடையாகும் நிலத்தில் ஆறு வழி மாறுவது இயற்கை.

1341ஆம் ஆண்டு வெள்ளத்தின் விளைவுகளாக வரலாற்றாசிரியர் குறிப்பிடுவன மூன்று. கொடுங்கல்லூர் முகத்துவாரம் தூர்ந்து பெருங்கலங்கள் புகுதற்கு ஏலாததாயிற்று. தெற்கே கொச்சியின் முகத்துவாரம் அகன்று புதிய துறைக்கு இடந்தந்தது. இவ்விரண்டிற்கும் இடையே வைப்பின் தீவு உருவாயிற்று. இத்தீவின் தோற்றத்தை முதலாகக் கொண்ட ‘புதுவைப்பு’ என்னும் ஆண்டுக்கணக்கு அங்கு வழங்கியது. வெள்ளத்திற்குக் கூறப்படும் ஆண்டும் பெரிதும் இக்கணக்கைக் கொண்டே நிறுவப்படுகின்றது. வைப்பு என்னும் சொல் வைக்கப்பட்டதனையும் ஊரினையும் குறிக்கும். ஆறு வைத்த மண் மக்களுக்கு ஊராயிற்று என்பதனை அப்பெயரே உணர்த்துகின்றது.

ஆற்றைத் தொடர்ந்து அரசும் பெயர்ந்தது. பெரும்படப்பு மரபினர் 1405ஆம் ஆண்டளவில் தம் இருக்கையை மகோதயபுரத்திலிருந்து கொச்சிக்கு மாற்றிக்கொண்டனர். 1500ஆம் ஆண்டில் போர்ச்சுக்கீசியத் தளபதி கப்ரால் மிளகு நாடி வந்து சேர்ந்த துறை கொச்சியே ஆகும்.

காலப் பொருத்தம்

இனிச் சங்ககால முசிறிக்கு வருவோம். வடக்குப் பரவூரை அடுத்த பட்டணத்தில் கேரள வரலாற்று ஆராய்ச்சிக் கழகம் 2007 முதல் அகழாய்வு நடத்தியது. உரோமானிய மதுச்சாடிகளின் உடைசில்லுகள், செங்கல் கட்டுமானம், ஒரே மரத்தில் குடைந்த தோணி, அதனையொட்டிய துறைமேடை, ‘அமண’ என்னும் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த ஓடு ஆகியன அங்குக் கிடைத்தன. கி.மு. முதல் நூற்றாண்டு தொடங்கிக் கி.பி. நான்காம் நூற்றாண்டு வரையிலான காலமே அவ்விடத்தின் செழிப்புக் காலமாகக் கொள்ளப்படுகின்றது. பட்டணமே முசிறி என்பதனை ஏற்காத வரலாற்றறிஞரும் உளர். எனினும் அவ்வாணிகத்தின் உச்சக்காலம் பற்றிய கருத்து அம்மறுப்பால் மாறுவதில்லை.

அங்ஙனமாயின் உரோமானிய வாணிகத்தின் தளர்ச்சிக்கும் 1341ஆம் ஆண்டு வெள்ளத்திற்கும் இடையே ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் உள்ளன. இடைப்பட்ட காலத்தில் இப்பகுதி வெறுமையாகக் கிடக்கவில்லை. கி.பி. 1000ஆம் ஆண்டளவில் பாஸ்கர ரவிவர்மன் ஜோசப் ரப்பானுக்கு அஞ்சுவண்ண உரிமை அளித்த செப்பேடு, அரசன் முயிரிக்கோட்டில் இருந்தருளியபோது வழங்கப்பட்டது. முசிறி என்னும் பெயரின் தொடர்ச்சி இதனுள் இருப்பதை அறிஞர் ஏற்பர். ஆகவே 1341இல் ஆற்றை இழந்தது இடைக்காலக் கொடுங்கல்லூர்த் துறையே; தாயங்கண்ணனாரும் பரணரும் பாடிய முசிறி அன்று.

பாடல்கள் காட்டும் நீர்நிலை

அழிவுக் கதையை விலக்கிவிட்டுப் பாடல்களை நோக்கினால் அவை நீரைப் பற்றி நுட்பமாகப் பேசுவது புலனாகும். எருக்காட்டூர்த் தாயங்கண்ணனாரின் அகநானூற்றுப் பாடலில் (149) யவனரின் கலம் சுள்ளி என்னும் பேரியாற்றின் நுரையைக் கலக்கிக்கொண்டு வருகின்றது. பரணரின் புறநானூற்றுப் பாடலிலோ (343) கலங்கள் தந்த பொன்னைக் கழியில் இயங்கும் தோணிகள் கரை சேர்க்கின்றன. முன்னதில் கலம் ஆற்றினுள் நுழைகின்றது. பின்னதில் கலத்திற்கும் கரைக்கும் இடையே கழி நிற்கின்றது.

இதனை முரண் எனக் கொள்ள வேண்டுவதில்லை. முதல் நூற்றாண்டினதாகிய செங்கடல் வழிநூல் முசிறி ஆற்றின் மீது, கடலிலிருந்து இருபது ஸ்டேடியம், அதாவது நான்கு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைந்த தொலைவில் உள்ளது என்கின்றது. அதே நூற்றாண்டைச் சார்ந்த பிளினியோ கலங்கள் நிற்குமிடம் கரைக்குத் தொலைவில் உள்ளது என்றும், சரக்குகள் சிறு படகுகளில் ஏற்றி இறக்கப்படுகின்றன என்றும் குறையாகக் கூறுகின்றார். பிளினிக்குக் குறையாகத் தோன்றிய அதே ஏற்பாட்டைப் பரணர் வளமாகக் காண்கின்றார். மீனுக்கு மாறாகப் பெற்ற நெல், மனைதோறும் குவிந்த மிளகு மூடை, தோணியில் வரும் பொன் என அவர் அடுக்கும் காட்சி, ஆழங்குறைந்த முகத்துவாரத்தை அடுத்து வாழும் ஊரின் அன்றாட வாழ்வாகும். கலத்தின் அளவுக்கும் பருவத்திற்கும் ஏற்பத் துறையின் பயன்பாடு வேறுபட்டிருத்தல் கூடும். மணல் முசிறிக்குப் பதினான்காம் நூற்றாண்டில் வந்த பகை அன்று. அது தொடக்கம் முதலே அவ்வூரின் உடனுறையாக இருந்தது.

பேரியாற்றைப் பற்றிய பிற பாடல்களும் இதற்கு அரண் செய்கின்றன. பதிற்றுப்பத்தின் 28ஆம் பாடல், அருவிகள் வற்றிய கோடையிலும் கரை வழிய ஓடும் ஆற்றைக் காட்டுகின்றது. 43ஆம் பாடலில் ஆறு கரையை உடைக்கின்றது. அங்கு வரும் பெயர் சிறப்புப்பெயரா, பேராறு என்னும் பொதுப்பெயரா என வாதிடலாம். எவ்வாறாயினும் கரை உடைதல் அங்குக் கேடாகச் சொல்லப்படவில்லை. உழவர் ஏர் பூட்டும் வளத்தின் தொடக்கமாகவே சொல்லப்படுகின்றது. சிலப்பதிகாரத்தின் காட்சிக் காதையில் செங்குட்டுவன் தன் சுற்றத்தோடு வீற்றிருப்பது பேரியாறு இட்ட மணல்மேட்டின் மீதேயாகும். அரசன் மகிழ்ந்திருக்கும் எக்கரும் துறையைத் தூர்க்கும் எக்கரும் ஒரே ஆற்றின் செயல் என்பதனை உரைகள் இணைத்துக் காட்டுதல் வேண்டும்.

கடல்கோள் என்னும் முன்மாதிரி

இத்தகைய சான்றுகள் கையில் இருக்க, ஒரே வெள்ளத்தில் முசிறி அழிந்தது என்னும் கூற்று ஏன் எளிதில் ஏற்கப்பட்டது? தமிழ் மரபில் ஊரின் அழிவைச் சொல்லும் ஆற்றல்மிக்க வடிவம் கடல்கோள். மணிமேகலையில் இந்திர விழாக் கைவிடப்பட்டதனால் புகார் கடலுக்கு இரையாகின்றது. அங்கு ஒரு பிழையும் ஒரு தண்டனையும் ஒரு நாளும் உள்ளன. ஆறோ நம் இலக்கியத்தில் வேறு நிலையினது. வானம் தவறினும் தான் தவறாதது எனக் காவிரியைப் பாராட்டும் மரபு பட்டினப்பாலையில் தொடங்கி வலுப்பெற்றது. வாழ்த்துக்குரிய தாயாகிய ஆறு ஊரை விட்டு நீங்கும் என்பதனைச் சொல்லும் வடிவத்தை அம்மரபு வளர்த்தெடுக்கவில்லை. ஆகவே பேரியாற்றின் நீண்ட நகர்வை நாம் கடல்கோளின் அச்சில் வார்த்துவிட்டோம் எனக் கருதலாம்.

இதனால் நேரும் இழப்பு சிறிதன்று. ஒரு நாளின் பேரழிவாகக் கொண்டால், பல நூற்றாண்டுகளாக மணலோடும் கழியோடும் இணங்கி வாழ்ந்த பரதவர், தோணி வலிப்போர், மிளகு விளைத்தோர் ஆகியோரின் அறிவு பார்வையினின்று மறைகின்றது; துறை தளர்ந்தமைக்கு வாணிகத்தில் தேடவேண்டிய காரணங்களும் தேடப்படாது போகின்றன. 2018ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் பேரியாற்று வெள்ளம் ஆலுவாயையும் பரவூரையும் சேந்தமங்கலத்தையும் சூழ்ந்தபோது, அந்நிலம் ஆற்றினால் ஆக்கப்பட்டது என்பது மீண்டும் நினைவுக்கு வந்தது. அந்நிலத்தைப் பற்றி நம்மிடம் உள்ள மிகப் பழைய தமிழ்ச் சான்றுகளுள் இப்பாடல்கள் முதன்மையானவை. அவற்றை அழிந்த பெருமைக்குரிய இரங்கற்பாவாக மட்டும் கற்பிப்பது தகாது.

முடிவுரை

பேரியாறு விலகியதன் விளைவுகள் துறை, தீவு, அரசிருக்கை என்பவற்றோடு நின்றுவிடவில்லை. பாடலில் உள்ள ஊருக்கும் தரையில் உள்ள ஊருக்கும் இடையிலான தொடர்பையும் அது அறுத்தது. அவ்விடைவெளியில் அழிவுக் கதை புகுந்தது. அகநானூறு 149, புறநானூறு 343 ஆகிய பாடல்களுக்கு இனி வரும் உரைகள், முசிறி எங்கே என்று வினவுமுன் ஆறு அன்று எங்கே ஓடியது என்று வினவுதல் வேண்டும். பட்டணத்தை அடுத்துச் செல்லும் பெரியாறு தோடு என்னும் சிறு நீரோடை ஆற்றின் பழங்கிளையாக இருத்தல் கூடும் என நிலவியல் ஆய்வாளர் கருதுவர். இலக்கிய ஆய்வாளர் அவர்தம் முடிவுகளைக் கற்றுப் பாடலின் கழி, துறை, எக்கர், அடைகரை ஆகிய சொற்களோடு ஒப்பிட முற்படின், உரைகளில் வெறும் வருணனையாகக் கடந்து செல்லப்படும் அடிகள் பல இடச்சான்றாக எழும்.