திரைக்குப் பின்னால் குரல்

காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள கூரத்தின் செப்பேடு, பாரதம் வாசிப்பவருக்கென்று ஒரு பங்கு ஒதுக்குகிறது. 7ஆம் நூற்றாண்டில் முதலாம் பரமேசுவரவர்மன் கொடுத்த தானம் அது. ஊரார் காதில் கதை விழ வேண்டும் என்பதற்காக ஒரு குரலுக்குப் படியளந்த ஊர்!

அந்தப் பாரதம் காஞ்சிபுரம் வட்டாரத்தில் இன்றும் கட்டைக்கூத்து என்னும் ஆட்டமும் பாட்டுமான நாடகமாக விடிய விடிய ஓடுகிறது. பக்கத்துப் புஞ்சரசந்தாங்கலில் பி. ராஜகோபால் 2002இல் தொடங்கிய குருகுலத்தில் பிள்ளைகள் பள்ளிப் படிப்போடு கூத்தும் கற்றார்கள், பெண் பிள்ளைகளும்தான். 2020 வரை நடந்தது.

பேச்சுப் போட்டிக்கு ஒப்பிக்கப் பழகிய பிள்ளை கூத்தில் திணறும். வேடம் முதலில் திரைக்குப் பின்னாலிருந்து பாடும். முகம் தெரியுமுன் குரலே ஆளைச் சொல்லியாக வேண்டும். திரை விலகியதும் கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் குறுக்கே புகுந்து, "யாரய்யா நீர்?" என்று கிண்டுவான். மனப்பாடம் கைகொடுக்காது. பாத்திரத்தை விடாமல், சுருதியையும் விடாமல், அங்கேயே பதில் கட்ட வேண்டும். தலையில் கிரீடம், தோளில் புஜக்கட்டை. அந்தப் பாரத்தோடு கிறுகிறுவென்று சுற்றிவிட்டு, மூச்சு வாங்காமல் அடுத்த அடியை எடுக்க வேண்டும். மதிப்பெண் போட யாரும் உட்கார்ந்திருப்பதில்லை. பிடிக்காவிட்டால் கூட்டம் பாயை விரித்துப் படுத்துவிடும்.