ஹனசரக வரிசையும் நினைவுத் துணையும்

நினைவுத் துணையை இந்தோனேசிய மொழியார் ‘ஜெம்பத்தான் கெலெடாய்’, அஃதாவது கழுதைப் பாலம் என்பர். ‘கெலெடாய்’ நம் ‘கழுதை’யின் திரிபே எனச் சொல்லாராய்ச்சியாளர் கருதுவர். சாவகச் சிறார்க்கு அத்தகைய பாலம் எழுத்து வரிசையிலேயே அமைந்துள்ளது. அதன் பயனையும் எல்லையையும் ஈண்டு ஆராய்வோம்.

பல்லவ எழுத்தின் வழிவந்த கவி எழுத்தினின்று தோன்றியது சாவக எழுத்து. அதன் அடிப்படை எழுத்துகள் 20. அவை ஐந்தைந்தாய் நான்கு வரிகளில் நிற்கும். முதல் வரியின் ஹ, ன, ச, ர, க என்பனவே வரிசை முழுமைக்கும் பெயராயின. நான்கு வரிகளையும் சேர்த்துப் படிப்பின், தூதர் இருவர் இருந்தனர், மாறுபட்டனர், வலிமையில் ஒத்தனர், பிணமாயினர் என்று பொருள்படும். தலைவன் அஜி சாகனின் முரண்பட்ட இரு கட்டளைகளை ஏற்ற ஏவலர் இருவர், ஒருவரோடொருவர் பொருது மடிந்தனர் என்பது மரபுக்கதை.

நம் நெடுங்கணக்கின் மெய்வரிசையில் ஒலிப்பிறப்பு பெரிதும் நெறியாய் நிற்கிறது. சாவகர் அந்நெறியை விடுத்துக் கதையைக் கொண்டனர். கதை சிறார் நெஞ்சில் எளிதில் பதியும் என்பதில் ஐயமில்லை. ஆயின் அது பதிவிப்பது வரிசையை மட்டுமே, வரிவடிவத்தையன்று. பகரமும் யகரமும் வடிவில் நெருங்கியவை. அவற்றை வேறுபடுத்தி அறியக் கதை சிறிதும் உதவாது.

இதனினும் பெரிய இடர் ‘பசாங்ஙான்’ எனும் இணையெழுத்துகளில் உள்ளது. முன்னெழுத்தின் அகரத்தை நீக்க, பின்னெழுத்தின் இணைவடிவத்தை எழுதுவர். ஹ, ஸ, ப ஆகியவற்றின் இணைகள் பக்கத்தே நிற்கும். ஏனையவை பெரும்பாலும் அடியில் அமையும். சாவக எழுத்தில் சொற்களுக்கிடையே இடைவெளி விடும் மரபின்மையால், இணை சொல்லெல்லையையும் கடந்து வரும். ‘மஙன் ஸெக’ என்பது சோறுண்ணலைக் குறிக்கும். ஸகரத்தை இணையாக எழுதாது முழுமையாக எழுதிவிடின் ‘மஙன ஸெக’ என்றாகி, ‘சோறுண்க’ என ஏவற்பொருள் தரும். ஒரு குறியின் பிழையால் பொருளே மாறுகின்றது. கதையிலோ இணைகளுக்கு இடமேயில்லை.

எனவே வரிசையை ஒப்பிக்கும் குழந்தை எழுத்தறிந்துவிட்டதாகக் கொள்ளுதல் பொருந்தாது. யோக்யகர்த்தாவின் தெருப்பலகையை அது படிக்குமா என்பதே தேர்வு. கதையை நாம் வேண்டாவென்று கூறவில்லை. அதனை முதற்படியாகக் கொண்டு, ஒத்த வடிவங்களை அருகருகே நிறுத்தியும், ஒவ்வோர் எழுத்தையும் அதன் இணையோடு அறிந்த சொல்லில் காட்டியும் துணைகள் அமைத்தல் வேண்டும். இணையைப் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம் எனத் தள்ளிவைக்கும் பயிற்சி, எழுத்துகளைத் தரும், வாசிப்பைத் தாராது.