அமைதி ஆவணமும் அதன் முகப்புச் செய்யுளும்: சிரவணபெளகொளக் கல்வெட்டு, 1368

பிரான்சில் 1562 முதல் 1598 வரை கத்தோலிக்கருக்கும் யூகனோக்களுக்கும் இடையே நிகழ்ந்த போர்களின்போது, சமய ஒருமையினும் அரசின் அமைதியே முதன்மையானது எனக் கருதியோர் 'பொலித்தீக்' எனப்பட்டனர். அப்பெயர் வசையாகவே வழங்கியது. அதே சிக்கலை இரு நூற்றாண்டுகளுக்கு முன்னரே எதிர்கொண்டது முதலாம் புக்கரின் சிரவணபெளகொளக் கன்னடக் கல்வெட்டு (சகம் 1290).

வைணவ அடியார்களால் தமக்கு நேர்ந்த இடர்களைச் சமணர் முறையிடுகின்றனர். திருவரங்கம், திருமலை, காஞ்சி, மேல்கோட்டை உள்ளிட்ட பதினெட்டு நாட்டு ஸ்ரீவைணவர்முன் அரசர் சமணர் கையைப் பற்றி அவர்கள் கையில் வைக்கிறார். இரு தரிசனங்களுக்கும் வேறுபாடு இல்லை என்கிறார். ஐம்பெரும் இசைக்கருவிகளும் கலசமும் சமணர்க்கு முன்போல் உறுதி செய்யப்படுகின்றன. சமண தரிசனத்திற்கு நேரும் இழப்பை வைணவர் தம் இழப்பாகவே கொள்ளவேண்டும் என்பது ஆணை.

இதனைச் சமரசச் சான்றாக மட்டும் வாசிப்பது போதாது. கல்வெட்டின் முகப்பில் இராமானுசரைப் போற்றும் வடமொழிச் செய்யுள் உள்ளது. அச்செய்யுள் அவரைப் புறச்சமயத்தார் என்னும் கடலைச் சுடும் வடவைத் தீயாக உருவகிக்கிறது. காக்கப்படுவோரும் அக்கடலில் அடங்குவர் என்பதை ஆவணத்தை எழுதியோர் அறியாதிருக்க இயலாது. வேறுபாடின்மையைச் சாற்றும் உரைநடை, வேறுபாட்டைக் கொண்டாடும் செய்யுளுக்குக் கீழேயே இடம்பெறுகிறது.

பொருளியல் ஏற்பாடும் இவ்வாறே. சமணர் வாசல்தோறும் ஆண்டுக்கு ஒரு பணம் அளிக்கவேண்டும். அதனைத் திருமலைத் தாத்தய்யர் திரட்டி, பெளகொளத் தேவருக்கு இருபது மெய்க்காவலரை அமர்த்தி, எஞ்சியதைக் கொண்டு பழுதுற்ற சினாலயங்களுக்குச் சுண்ணம் பூசுவிக்கவேண்டும். செலவு சமணருடையது, காவலரை அமர்த்தும் உரிமை வைணவருடையது. 1598ஆம் ஆண்டு நாந்து ஆணையோ யூகனோக்களின் அரண்நகரங்களை அவர்கள் பொறுப்பிலேயே விட்டு, காவற்படைச் செலவில் அரசும் பங்கேற்க இசைந்தது. ஆயின் அந்தப் படைவலிமையே பின்னர் அரசின் ஐயத்திற்கு இலக்காகி 1629இல் பறிபோயிற்று. 1685இல் ஆணையே நீக்கப்பட்டது. எனவே பிரெஞ்சு ஏற்பாட்டை மேலானது என்று எளிதில் கூறிவிட முடியாது.

புக்கரின் தீர்ப்பை வெறும் ஒப்பனை என ஒதுக்குவதும் பிழை. சமணரான இருகப்பர் விசயநகரத் தண்டநாயகராக விளங்கி, 1387-88இல் திருப்பருத்திக்குன்றத்தில் சங்கீத மண்டபம் எழுப்பினார். ஸ்ரீவைணவ மையமான காஞ்சியின் அருகிலேயே அது நிகழ்ந்தது.

கல்வெட்டின் இறுதிப்பகுதி முறையீட்டாளர் ஒருவரையும் பெயர்சுட்டிப் பதிவுசெய்கிறது: கல்லேகத்துப் புசுவிசெட்டி. இரு சமயத்தாரும் கூடி அவருக்குச் 'சங்கநாயகர்' பட்டம் அளித்தனர். அரசரின் பெருந்தன்மையையே பேசும் வாசிப்புகள் இவ்வணிகரைத் தவறவிடுகின்றன.