தன்னை எண்ணாத கணக்கு

18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் இயற்றி, 1822இல் இலண்டனில் அச்சேறிய பரமார்த்த குரு கதையை வெறும் நகைச்சுவை நூலென்பர் பலர். ஆயின் அக்குருவும் சீடர் ஐவரும் ஆராயாது நடப்பவரல்லர். ஆறு உறங்குகின்றதா என அறியக் கொள்ளிக்கட்டையை நீரில் தோய்க்கின்றனர். அது சீறவே, ஆறு விழித்திருக்கின்றதென அஞ்சுகின்றனர். பின்னர் அவிந்த அக்கட்டையையே மீண்டுந் தோய்த்து, ஓசையின்மையால் ஆறு உறங்கிற்றெனத் துணிந்து கடக்கின்றனர். கரையேறியதும் எண்ணுபவன் தன்னை விட்டு எண்ண, அறுவர் ஐவராகின்றனர்; ஒருவரை ஆறு விழுங்கிற்றென்று புலம்புகின்றனர்.

ஈரிடத்தும் பிழை ஒன்றே. ஆற்றை ஆராய்ந்தவர் தங்கைக் கட்டையை ஆராய்ந்திலர். பிறரை எண்ணியவர் தம்மை எண்ணிலர். வேதாந்த நூல்கள் கூறும் 'தசமன்' கதையிலும் இக்குறையே உளது. ஆயின் ஆங்குத் தேடியவன் தானே பத்தாமவன் எனத் தன்னை உணர்கின்றான். முனிவர் கதை மாந்தரோ, வழிப்போக்கன் ஒவ்வொருவரையும் முதுகில் அடித்து எண்ணுவித்த பின்னரே தெளிகின்றனர். தெளிந்ததும் தொகையை மட்டுமே, தம் பேதைமையை அன்று. அவர்களைக் கண்டு நகைக்கும் நாமும், பேதையரை எண்ணுங்கால் நம்மை விட்டே எண்ணுகின்றோம்.