பட்டம்மாள் போட்ட கணக்கு

கர்நாடகக் கச்சேரியின் ராகம் தானம் பல்லவியில் பல்லவி என்பது ஒரே ஒரு வரிதான். அதை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் பாடுவார்கள். வரியின் முற்பாதி முடிந்து சற்றே நிற்கும் இடம் அறுதி. வரி பெரும்பாலும் தாளத்தின் முதல் தட்டில் தொடங்காது. அரை இடம், முக்கால் இடம் தள்ளித்தான் எடுப்பு. தாளத்தை அப்படியே வைத்துக்கொண்டு வரியை மட்டும் இரு மடங்கு, நான்கு மடங்கு வேகத்தில் பாடினால் அனுலோமம். வரியை அப்படியே வைத்துக்கொண்டு தாளத்தை வேகப்படுத்தினால் பிரதிலோமம். நடுவில் மும்மூன்றாகப் பிரித்துத் திஸ்ரம் வேறு. ஒவ்வொரு காலத்திலும், அதாவது வேகத்திலும், எங்கே எடுத்தால் கணக்கு நேராகும் என்பது பாடுகிறவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். இது ஆண்களின் வித்தை என்றே சங்கீத உலகம் வெகுகாலம் நினைத்திருந்தது. அந்த நினைப்பைப் பாடியே மாற்றியவர் டி. கே. பட்டம்மாள். 'பல்லவி பட்டம்மாள்' என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

1919-இல் காஞ்சிபுரத்தில் பிறந்தவர். தாயாருக்கு நல்ல குரல். ஆனால் உறவினர் முன்னால்கூடப் பாடக் கூடாது என்பது அந்த வீட்டின் ஆசாரம். அதே வீட்டுப் பெண் பத்து வயதில் சென்னை வானொலியில் பாடினார். 1932-இல் சென்னை ரசிக ரஞ்சனி சபாவில் முதல் கச்சேரி. லயச் சிங்கமான காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளையின் கச்சேரிகளைக் கேட்டுக் கேட்டு அவரை மானசீக குருவாக வரித்துக்கொண்டார். பல்லவி நுட்பங்களைச் சொல்லிக்கொடுத்தவர் வித்யாலா நரசிம்மலு நாயுடு. முத்துசுவாமி தீட்சிதர் கிருதிகளுக்கு டி. எல். வெங்கடராம ஐயர், திருப்புகழுக்கு அப்பாதுரை ஆச்சாரி, தமிழ்ப் பாட்டுக்குப் பாபநாசம் சிவன் என்று தேடித் தேடிப் பாடம் கேட்டவர்.

பட்டம்மாளின் பல்லவியில் எனக்குப் பிடித்தது, அதில் கணக்கு இருப்பதே காதுக்குத் தெரியாது என்பதுதான். கணக்குப் பல்லவி என்றால் சிலரது முகத்தில் பரீட்சை எழுதும் களை வந்துவிடும்; சொற்கள் நசுங்கும், ராகம் ஓரமாக ஒதுங்கி நிற்கும். இவரிடம் மூன்றாம் காலத்திலும் சொல் உடையாது. எழுத்துகள் நெல்மணிபோல் தனித்தனியாக விழும். கீழ் ஸ்தாயியில் கனத்த குரல். அதை விரட்டாமல் நிறுத்தி நிதானமாகப் பாடுவார். ஒரு ஸ்வரத்தை நீட்டிக் கார்வையில் நிற்கும்போது தாளம் உள்ளே ஓடிக்கொண்டே இருப்பது தெரியும். அடுத்த சொல் தன் இடத்தில் வந்து உட்காரும்போதுதான், இத்தனை நேரம் ஒரு கணக்கு நடந்துகொண்டிருந்தது என்று நமக்கு உறைக்கும்.

பெண்களுக்கு மிருதங்கம் வாசிப்பதில்லை என்றிருந்த பாலக்காடு மணி ஐயர், முதன்முதலில் வாசித்த பெண் பாடகி இவர்தான். அந்தக் கச்சேரி உறவு வீட்டு உறவாகவும் ஆனது. மணி ஐயரின் மகள் லலிதா, பட்டம்மாளின் மகனை மணந்து மருமகளாக வந்தார்.

புதுச்சேரிக்காரர்களுக்குப் பட்டம்மாள் இன்னொரு வகையிலும் நெருக்கம். 1908 முதல் 1918 வரை பாரதி இங்கே வாழ்ந்தார். அவருடைய பாட்டுகளைக் கச்சேரி மேடைக்கும் திரைக்கும் வானொலிக்கும் கொண்டுபோன குரல்களில் முன்னால் நிற்பது பட்டம்மாளின் குரல். 1947 ஆகஸ்ட் 15 அன்று சென்னை வானொலியில் 'சுதந்திரப் பள்ளு' பாடினார். அன்று எங்கள் ஊர்ப்பகுதியான சாரமும் புதுச்சேரி நகரமும் பிரெஞ்சுக் கொடியின் கீழ்தான் இருந்தன. விடுதலைக்கு 1954 நவம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1947-இலேயே வெளிவந்த 'நாம் இருவர்' படத்திலும் அந்தப் பாட்டு உண்டு. சினிமாவில் பக்திப் பாட்டும் தேசப் பாட்டும் மட்டுமே பாடுவேன், காதல் பாட்டு வேண்டாம் என்பதில் கடைசிவரை உறுதி. எண்பது வயதில் இளையராஜா இசையில் 'ஹே ராம்' படத்துக்குப் பாடியதும் காந்திக்குப் பிடித்த 'வைஷ்ணவ ஜனதோ'.

1939-இல் ஈஸ்வரனை மணந்தார். கல்யாணத்தோடு பெண்களின் பாட்டு அடுப்பங்கரைக்குள் அடங்கிவிடும் காலம். இவருக்குக் கணவரின் துணையோடு கச்சேரி அரை நூற்றாண்டுக்கு மேல் தொடர்ந்தது. 1970-இல் சங்கீத கலாநிதி, 1971-இல் பத்மபூஷண், 1998-இல் பத்மவிபூஷண். விருதுகளைவிட நீண்டது அவர் சொல்லிக்கொடுத்தவர்களின் வரிசை. ஒன்பது வயது இளைய தம்பி டி. கே. ஜெயராமன் அக்காவிடம் கற்று, அக்காவுடன் பாடி, பின்னால் தானும் சங்கீத கலாநிதி ஆனார். இருவரிடமும் கற்றவர் விஜய் சிவா. மருமகள் லலிதா சிவகுமாரும் மாணவி. பேத்தி நித்யஸ்ரீ மகாதேவன் அம்மாவிடம் தொடங்கிப் பாட்டியிடம் கற்றவர். அடுத்த தலைமுறையில் கொள்ளுப்பேத்தி லாவண்யா சுந்தரராமனும் மேடைக்கு வந்துவிட்டார். வாய் திறக்க அனுமதியில்லாத தாயாரில் தொடங்கி எண்ணினால் ஐந்து தலைமுறைப் பெண்கள்.

நித்யஸ்ரீயின் குரல் பாட்டியின் குரல் இல்லை. மேல் ஸ்தாயியில் சுழன்று விளையாடும் குரல். விஜய் சிவாவினுடையது வேறு மாதிரி. ஆனால் எங்கே மூச்சு விடுவது, எந்தச் சொல்லைப் பிரிக்கக் கூடாது, தாளத்தை எப்படி இழுக்காமலும் ஓடாமலும் வைத்திருப்பது என்பதில் எல்லோரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். குரலை நகலெடுக்க வைக்கும் ஆசிரியர்கள் நிறைய. பாட்டின் ஒழுக்கத்தை மட்டும் கைமாற்றி, குரலை மாணவரிடமே விட்டுவைத்தவர்கள் குறைவு. 2009 ஜூலையில் தம் தொண்ணூறாம் வயதில் பட்டம்மாள் மறைந்தார். இன்றும் அவருடைய பாடாந்தரம், அதாவது பாடும் வழி, என்று தனியாகச் சொல்லிக் கேட்க முடிகிறதென்றால், அவர் அப்படிச் சொல்லிக்கொடுத்ததுதான் காரணம்.

சாரத்தில் சாயங்காலம் பாட்டு வகுப்பு முடிந்து வரும் பிள்ளைகள் விரலை எண்ணிக்கொண்டே நடப்பதைப் பார்க்கிறேன். தாளம் அவர்களுக்கு இன்னும் வாய்ப்பாடுதான். அவர்களுக்கும், பல்லவி என்றாலே காபி குடிக்க எழுந்துபோகும் பெரியவர்களுக்கும் ஒரு வழி சொல்வேன். முதலில் பட்டம்மாளின் 'சுதந்திரப் பள்ளு'. அதில் சொல்லைக் கவனியுங்கள். அடுத்து மணிரங்கு ராகத்தில் தீட்சிதரின் 'மாமவ பட்டாபிராம'. அதில் நிதானத்தைக் கவனியுங்கள். அதற்குப் பிறகு ஒரு பல்லவி. முதல் தடவை தாளம் போடவே வேண்டாம், ராகத்தை மட்டும் கேளுங்கள். இரண்டாம் தடவை தாளம் போடுங்கள். அறுதி வரும் இடத்தில் கை தடுமாறினால் கவலை வேண்டாம். அதே வரியை அவர் இன்னும் இருபது தடவை பாடுவார்.