ஆண்மைக்குறைவு: ஒரு துண்டறிக்கையை வாசித்தல்

செங்கல்பட்டு பேருந்து நிலையக் கழிப்பறைச் சுவரில் பார்த்த ஒரு துண்டறிக்கையைப் பிரதியாக எடுத்துக்கொண்டு பேச விரும்புகிறேன். எம்.ஏ. தமிழ் படித்தவன் செய்கிற வேலையா இது என்று சிலர் கேட்கலாம். தமிழ் ஆண்கள் பயத்தோடும் ரகசியமாகவும் வாசிக்கிற பிரதி இது. அதனாலேயே விமர்சனத்துக்கு உரியது.

'இளமையில் செய்த தவறுகள்' என்று பிரதி தொடங்குகிறது. பிறகு ஒரு பட்டியல்: கைப்பழக்கம், சொப்பன ஸ்கலிதம், நரம்புத் தளர்ச்சி, ஆண்மைக்குறைவு. கடைசியில் எந்தத் தேதியில் எந்த ஊர் லாட்ஜில் வைத்தியர் தங்குவார் என்கிற விவரம். முதல் இரண்டும் நோயே அல்ல, பருவமடைந்த உடம்பின் இயல்புகள். ஆனால் அவற்றைச் சேர்த்தால்தான் பட்டியலிலிருந்து ஒருத்தனும் தப்ப முடியாது. பாலியல் வெறுமனே ஒடுக்கப்படவில்லை, ஓயாமல் பேசவைக்கப்பட்டது என்றார் ஃபூக்கோ, 'பாலியலின் வரலாறு' முதல் தொகுதியில் (1976). பாவமன்னிப்புக் கூண்டு இங்கே லாட்ஜ் அறையாக மாறியிருக்கிறது. விந்து போனால் உயிர்ச்சத்து போச்சு என்கிற இந்த அச்சத்துக்கு மனநல மருத்துவர் விக் 1960இல் 'தாது' நோய்க்குறி என்று பெயரே வைத்தார். இளைஞர்கள் பலரிடம் பதற்றமே கோளாறுக்குக் காரணம். அந்தப் பதற்றத்தைத்தான் துண்டறிக்கை உற்பத்தி செய்கிறது. அதாவது, தான் குணமாக்குவதாகச் சொல்கிற நோயைத் தானே எழுதுகிறது.

இதை நான் வெறும் கோட்பாடாகச் சொல்லவில்லை. மாமல்லபுரத்தில் கல் வேலை செய்யும் நண்பர் ஒருவர், நாற்பத்து மூணு வயசு, இந்தத் துண்டறிக்கையை நம்பி ரெண்டு வருஷம் லேகியம் சாப்பிட்டார். மனைவியின் சங்கிலி அடகுக்குப் போனது. அந்த ரெண்டு வருஷத்தில் அவரிடம் யாரும் சர்க்கரை இருக்கா என்று கேட்கவில்லை. காலில் பட்ட உளிக்காயம் ஆறாமல் ஆஸ்பத்திரிக்குப் போனபோதுதான் தெரிந்தது, சர்க்கரை முந்நூறைத் தாண்டியிருந்தது. "உளி புடிச்ச கை வாத்தியாரே இது. வூட்ல தலை நிமிர முடியல" என்றார்.

உடம்பு வேறு பிரதியைச் சொல்கிறது. ஆசை எழும்போது நரம்பு முனைகளிலிருந்து நைட்ரிக் ஆக்சைடு வெளிப்படுகிறது, குறியின் உள்தசைகள் தளர்கின்றன, ரத்தம் வந்து நிரம்புகிறது. அதாவது விறைப்பே ஒரு தளர்ச்சியால்தான் வருகிறது. துண்டறிக்கை 'தளர்ச்சி' என்ற சொல்லை வைத்துப் பயமுறுத்துவது எவ்வளவு பெரிய முரண்! சர்க்கரை, ரத்த அழுத்தம், புகை, கொழுப்பு ஆகியவை ரத்தக்குழாயைக் கெடுக்கின்றன. குறிக்குப் போகும் தமனிகள் இதயத் தமனிகளைவிட மெல்லியவை என்பதால் கோளாறு முதலில் அங்கே தெரிகிறது. சில வருஷம் கழித்து மாரடைப்பாக வரக்கூடியதற்கு அது முன்னறிவிப்பு. நெஞ்சுவலிக்காகச் சோதிக்கப்பட்டு, 1998இல் அமெரிக்காவில் வயாகரா என அனுமதி பெற்ற சில்டெனாஃபில், அந்தத் தளர்ச்சியை நீட்டிக்கிறது. ஆசையை அது உண்டாக்காது. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் சாப்பிடுகிறவர் இதைப் போட்டால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து. 'மூலிகை' என்று விற்கப்படும் மாத்திரைகளிலும் இதே ரசாயனம் கலந்திருப்பது பலமுறை பிடிபட்டிருக்கிறது.

சித்த மருத்துவத்தின் மீதான விமர்சனமல்ல இது. இதே மாவட்டத்தில், தாம்பரம் சானடோரியத்தில், தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. லாட்ஜ் அறை அதன் பேரைத்தான் கடன் வாங்குகிறது. ஆண்மைக்குறைவைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மாய நிவாரணச் சட்டமே தடுக்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்க, சுவரில் பசை காய்வதில்லை.

இனி அந்தச் சொல். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் 1992 மாநாடு, 'சக்தியற்றவன்' என்ற தொனியுள்ள பழைய சொல்லை விட்டு 'விறைப்புக் குறைபாடு' என்று சொல்லப் பரிந்துரைத்தது. குறை ஆளிடமிருந்து உறுப்பின் செயலுக்கு இடம் மாறியது. நாம் இன்னும் 'ஆண்மைக்குறைவு' என்கிறோம். வள்ளுவரிடம் பிறன் மனைவியை நோக்காமை பேராண்மை. போரில் பகைவனுக்கு நேர்ந்த தாழ்வில் உதவுவது ஊராண்மை. குடியைத் தாங்குவது நல்லாண்மை. எதிலும் குறி இல்லை. அதே ஆண்மை ஆதிக்கமாக இயங்குவதைக் கண்ட பெரியார், பெண் விடுதலைக்கு ஆண்மை அழியவேண்டும் என்று எழுதினார். துண்டறிக்கையோ இரண்டு விவாதங்களையும் அழித்துவிட்டுச் சொல்லை உறுப்பில் கொண்டுபோய் அடைக்கிறது.

நண்பர் வேலை செய்யும் பட்டறையிலிருந்து கொஞ்ச தூரத்தில் அர்ச்சுனன் தபசுப் பாறை. பகீரதன் தபசு என்போரும் உண்டு. இந்தப் பக்கத்துப் பாரதக் கூத்தில் தபசு மரம் ஏறுகிற அதே அர்ச்சுனன்தான் விராட நகரில் ஒரு வருஷம் பேடியாக, பிருகன்னளையாக, நடனம் கற்றுக்கொடுக்கிறான். உத்தரனுக்குத் தேரோட்டிப் போய்ப் போரையும் ஜெயித்துத் தருகிறான். நம் கதையாடலுக்கு அந்த ஒரு வருஷம் அவமானமாகப் படவில்லை. அதை மறைத்து வைப்பது நாம்தான்.

இந்த 'நாம்' என்பதில் நானும் சேர்த்திதான். கருத்தரங்குகளில் உடலரசியல் பேசுகிறவன். நண்பர் முதல்முறை ஜாடையாகச் சொன்னபோது நான் ஒரு ஜோக் அடித்தேன். அடுத்த வாரம் அவர் லாட்ஜ் படியேறினார். 'வயசாயிடுச்சா மச்சி?' என்ற என் ஜோக்கும் அந்தத் துண்டறிக்கையில் ஒரு வரிதான்.

பிரதியின் பெரிய மௌனம் பெண். அதில் மனைவி இல்லை, அவளுக்குத் தரவேண்டிய 'திருப்தி' மட்டும் இருக்கிறது. நண்பரின் மனைவியிடம் பேசியபோது அந்த ரெண்டு வருஷத்தைப் பற்றி அவர் சொன்னார்: "எம்மேல வெறுப்பாயிடுச்சின்னுதான் நெனச்சேன்ணா. சொல்லியிருந்தா முன்னமே ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போயிருப்பேன்."